ரெண்டுகோடு அங்கிளின் பாஸ்போர்ட்

யாழினி, கதிர், ரெண்டு பேரும் ஒரு இடத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். இந்த மெட்ராஸில் தன் பெயரை ரெண்டுகோடு அங்கிள் மாதிரி பத்திரமாக வைத்திருந்த மனுஷன் வேறு யாரும் கிடையாது. பேங்க் லாக்கரில் நகை வைத்திருப்பவர்கள்கூட எப்போதாவது திறந்து பார்ப்பார்கள். அவர் தன் பெயரைத் திறந்ததே இல்லை. எமனே நேரில் வந்து பேர் கேட்டிருந்தாலும், "மொதல்ல உன் ஐடி கார்ட காட்டு நைனா" என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் அப்பா பத்தாவதோடு நின்றவன். மந்தைவெளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஊரார் எழுதினதை நகல் எடுத்தே பழகின கை, சொந்தமாக எழுதும்போது கொஞ்சம் தடுமாறும். பொறுத்துக்கொள்ளுங்கள். யாழினி, அடுத்த மாதம் நீ தோஹாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாய். உனக்கு பாஸ்போர்ட் பாடம் எடுக்க வேண்டியவர் அவர்தான். அவர் இல்லாததால் நான் எழுதுகிறேன். இதை ஒரு பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். அது போகிற வீடுகளில் வேறு பிள்ளைகளும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கடைசிக் காலத்தில் அவர் ஏற வேண்டியிருந்தது ஒரே ஒரு விமானம். மகளைப் பார்க்க, அவளுக்குப் பிறக்கப்போகிற குழந்தையைப் பார்க்க. ஏறினாரா இல்லையா என்பதுதான் விஷயம். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நாங்களும் சிரித்தோம், அவர் எதிரிலேயே.

நம் கடை வாசலில் அந்த இரும்பு ஸ்டூல் இருக்கிறதே, அதுதான் அவர் இடம். சாந்தோம் கடற்கரைப் பக்கத்தில் பிறந்தவர். வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, நம் தெருக் கோடியில் ஒரு போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். ஏசி வேலை வந்தால் போவார். இல்லாவிட்டால் ஸ்டூல். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர். யாராவது பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்தால் ஸ்டூலிலிருந்தே கை நீளும்.

"இன்னாத்துக்கு காப்பி?"

"விசாவுக்கு."

உடனே தாளைப் பிடுங்கி, படத்துக்குப் பக்கத்தில் சாய்வாக இரண்டு கோடு இழுத்து, நடுவில் 'விசாவுக்கு மட்டும்' என்று எழுதிவிடுவார். சிம் கார்டு என்றால் 'சிம் கார்டுக்கு மட்டும்'. ரூம் என்றால் 'ரூமுக்கு மட்டும்'. அப்படி வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர். ஆட்டோ ஸ்டாண்டில் 'ரெண்டுகோடு', உங்களுக்கு 'ரெண்டுகோடு அங்கிள்'. நான் 'அண்ணே' என்பேன்.

"வெறும் காப்பி குடுத்தா பிளாங்க் செக்கு மாரி நைனா. எவன் வேணா எதுக்கு வேணா ஓட்டிக்குவான். இப்ப பாரு, இத வச்சிக்கினு விசா ஆபீசுக்கு மட்டும்தான் நடக்க முடியும். வேற எங்க போனாலும் நொண்டி."

இது சட்டப்படி எவ்வளவு செல்லும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் கோடு போடாத காப்பி எங்கள் கடை வாசலைத் தாண்டினதில்லை.

அவருடைய சொந்த பாஸ்போர்ட் பனியனுக்குள் இருக்கும். பனியனில் அவரே ஒரு பை தைத்து, அதன் வாயில் இரண்டு ஊக்கு குத்தியிருப்பார். இப்போது எங்கேயும் போகாதவருக்கு எதற்கு பாஸ்போர்ட் நெஞ்சில் என்று கேட்கக் கூடாது. குளிக்கும்போது மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஆணியில் மாட்டுவார். ஒரு கண்ணில் சோப்பு, இன்னொரு கண்ணில் காவல்.

பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஒரு தடவை காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனவர் டோக்கன் வாங்கி, விளக்கு வைக்கிற நேரம் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து நர்ஸ் "ராமசாமி, ராமசாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "யாருப்பா அந்த ராமசாமி? எத்தினி வாட்டி கூப்டுறாங்க, காது கேக்காதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் இவரே சலித்துக்கொண்டிருக்கிறார். கிளினிக்கைப் பூட்ட வந்தபோதுதான் அந்த ராமசாமி தான்தான் என்று ஞாபகம் வந்தது.

மறுநாள் என்னிடம் சொன்னார்: "பேஜாராப் போச்சு நைனா. ஆனா ஒண்ணு பாரு. எனக்கே தெரியலன்னா திருடனுக்கு எப்பிடித் தெரியும்?"

கோயிலில்கூட அப்படித்தான். இறந்துபோன மனைவி லூர்துவுக்காக மாதாமாதம் பூசை வைப்பார். மனைவி பெயரை மட்டும் தெளிவாகச் சொல்வார். யார் வைத்ததாகப் போடட்டும் என்று ஃபாதர் கேட்டால், "ஒரு விசுவாசின்னு போடுங்க ஃபாதர்" என்பார். ஃபாதருக்குத் தெரியாதா யார் என்று. சிரித்துக்கொண்டே அப்படியே வாசிப்பாராம்.

கதிர், பஜ்ஜி கதையை நீ அடிக்கடி கேட்பாய். முழுசாகச் சொல்கிறேன். திருவான்மியூரில் ஏசி வேலை முடிந்து, கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கியிருக்கிறார். பாதி தின்றபின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தால் யாருடைய பாஸ்போர்ட்டோ ஜெராக்ஸ். பெயர், பிறந்த தேதி, பின்பக்கம் வீட்டு விலாசம். எந்தக் கடைக்காரனோ வீணான காப்பியை எடைக்குப் போட்டிருக்கிறான். அடையாறில் ஒரு பெரிய அடுக்குமாடி. நேரே அங்கே போய் மணி அடித்துவிட்டார்.

கதவைத் திறந்த பெரியவர் கேட்டார்: "யாரு நீங்க?"

"பரவால்லியே சார், கரெக்டா கேக்குறீங்க. இத காப்பி குடுக்கறப்பவே இப்பிடி கேட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்." காகிதத்தை நீட்டினார்.

"என்னய்யா இது, எண்ணெயா இருக்கு?"

"உங்க அப்பா பேரு, அம்மா பேரு, பொறந்த தேதி, வூட்டு அட்ரஸு அல்லாம் பத்திரமா கீது சார். பஜ்ஜி மட்டும் நான் துன்னுட்டேன்."

பெரியவர் பயந்துபோய் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வந்து போகிறவர் பெயரை ரிஜிஸ்டரில் எழுதாமல் வெளியே விடமாட்டேன் என்று வாட்ச்மேன் கேட்டை மறித்துக்கொண்டார். ரொம்ப நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அங்கிள் தோற்றார். பேனாவை வாங்கி எழுதினார்: ராமசாமி.

அன்று முதல் என் கடைக் குப்பைக் கூடை அவர் பொறுப்பு. வீணான காப்பி ஒவ்வொன்றையும் கிழிப்பார். அதையும் ஒரே இடத்தில் போடமாட்டார். வேலைக்குப் போகிற வழியில் பாதியைத் தேனாம்பேட்டைத் தொட்டியிலும் பாதியை அடையாறு தொட்டியிலும் போடுவார். "தலை ஒரு ஊரு, வால் ஒரு ஊரு. ஒட்ட வச்சிடுவானா பாப்போம்" என்பார். ஊருக்குப் போய்வந்தவர்கள் பெட்டியில் தொங்கும் சீட்டு, விமானத்தில் ஏறக் கொடுத்த சீட்டு எதையும் முழுசாக வைத்திருக்க விடமாட்டார். ராஜா அண்ணாமலைபுரத்துப் பையன் ஒருவன் பாங்காக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டையும் சீட்டையும் விரித்துவைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அவன் வீட்டுக்கே போய், அவன் அப்பா ஃபோன் போட்டு அதை எடுக்கவைக்கும் வரை இவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அந்த அப்பாவுக்கு, மகன் எங்கேயோ கடன் வாங்கி வசூலுக்கு ஆள் வந்திருக்கிறது என்றே கடைசி வரை சந்தேகம்.

மயிலாப்பூர் மாமி ஒருவர் வந்தார். அமெரிக்காவில் மருமகளுக்குப் பிரசவம். காப்பியில் கோடு விழுந்ததும் கூவிவிட்டார்.

"என்ன இது, என் மூஞ்சி மேல கோடு போட்டுண்டு?"

"மூஞ்சி மேல இல்ல மாமி, பக்கத்துல. மூஞ்சி மேல போட்டா மரியாத இல்ல. பாஸ்போர்ட்ட எங்க வச்சிக்கினு போவீங்க?"

"ஹேண்ட்பேக்லதான்."

"ஹேண்ட்பேக்கு?"

"தோள்ல மாட்டிண்டு."

"பாத்ரூம் போனா?"

"பக்கத்து சீட்ல யாரையாவது பாத்துக்கச் சொல்லிட்டுப் போவேன்."

அங்கிள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் சாய்ந்துவிட்டார். மறுநாள் வெள்ளைத் துணியில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்று தைத்து, மாமி ஆத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

திரும்பி வந்த மாமி நேரே கடைக்கு வந்தார். "உங்க பையால என் மானம் போச்சு. ஆபீசர் பாஸ்போர்ட் கேக்கறான், நான் புடவைக்குள்ள தேடிண்டு நிக்கறேன், பின்னால க்யூவே பாக்கறது. கடைசில பாத்ரூமுக்குப் போய் எடுத்துண்டு வந்தேன்."

"இருந்துச்சா மாமி?"

"எது?"

"பாஸ்போர்ட்டு."

"இருந்தது."

"அப்பால இன்னா."

மாமி கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்து ஸ்டூல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அங்கிள் அதைத் திறக்கும் முன் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாமியின் விலாசம் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று.

யாழினி, சின்ன வயதில் உன்னையும் அவர் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, "உன் பேர் இன்னா கண்ணு?" என்பார். "யாழினி" என்பாய். "தப்பு. யார் கேக்குறீங்கன்னு நீ கேட்டியா?" என்பார். நீ அழுதுகொண்டு என்னிடம் வருவாய். இந்த மனுஷனுக்கு ஏன் இப்படி என்று அப்போது எனக்கும் தெரியாது.

தெரிந்தது ஒரு கோடைப் பகலில். கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. விசிறிக்கொண்டே, நான் கேட்காமலே அவர் ஆரம்பித்தார்.

"கல்ஃப்ல ஒரு கடையில சிம் கார்டு வாங்கப் போனேன் நைனா. பாஸ்போர்ட் குடுன்னான். லூர்துகிட்ட பேசற அவசரம், குடுத்தேன். உள்ள எடுத்துக்கினு போனான். ஒரு டீ குடிக்கிற நேரம். திருப்பிக் குடுத்துட்டான். எத்தினி காப்பி எடுத்தான்னு நான் கேக்கல."

அந்தக் காப்பியை வைத்து அவர் பெயரில் யாரோ ஃபோன்கள் வாங்கியிருக்கிறார்கள். கார் கடன் வாங்கியிருக்கிறார்கள். கட்டாததால் அவர் பெயரில் கேஸ். இது எதுவும் அவருக்குத் தெரியாது. லூர்துவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஃபோன் வந்து, லீவு வாங்கி, ஏர்போர்ட்டுக்குப் போன அன்றுதான் தெரிந்திருக்கிறது.

"கவுண்டர்ல இருந்தவன் ஸ்கிரீனப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான். கேஸ் கீது, ஊருக்குப் போவ முடியாதுன்னான். நான் இன்னா சொல்றது? பேரு என்னுது. ஃபோட்டோ என்னுது. அப்பன் பேரு என்னுது. நான்தான் அவன். ஆனா அவன் நான் இல்ல. இத எந்த பாஷையில சொல்லிக் காட்டுறது?"

கோர்ட்டுக்கும் போலீசுக்கும் நடந்து, அது தான் இல்லை என்று காட்டி ஊர் திரும்புவதற்கு முன்பே லூர்து போய்விட்டார்.

"பொண்ணு ஸ்டெல்லா ஃபோன்ல காட்டுச்சு. பொட்டி மூடறப்ப சிக்னல் நின்னுடுச்சு. லூர்து மூஞ்சி அப்பிடியே நின்னுக்கினு இருந்துது ஃபோன்ல. நான் ஆஃப் பண்ணவே இல்ல நைனா. பேட்டரி தீந்து, அதுவா அணைஞ்சிது."

கரண்ட் வந்தது. ஒரு பெண் பாஸ்போர்ட்டோடு படியேறினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்: "இன்னாத்துக்கு காப்பி?"

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்துச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா கல்யாணமாகி கனடாவில் இருந்தாள். முழுகாமல் இருக்கிறேன், வந்துதான் ஆகணும் அப்பா என்று அவள் கூப்பிட்டபோது அவர் ஒரு வாரம் கடைக்கே வரவில்லை. பிறகு வந்தார், ஷேவ் செய்துகொண்டு. "போறேன் நைனா. லூர்துவுக்குத்தான் போவ முடில."

தேனாம்பேட்டையில் ஒரு விசா ஆபீஸ். நானும் கூடப் போனேன். பத்து விரல் ரேகையும் வாங்கினார்கள். ஒவ்வொரு விரலையும் திருப்பி வாங்கிக்கொள்கிறவர் மாதிரி பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், விசா அடித்து கூரியரில் அனுப்புவோம் என்றாள் கவுண்டர் பெண்.

"ஒரு ரெண்டு கோடு போட்டுக் குடுக்கட்டா?"

"அங்கிள், ஒரிஜினல்ல கிறுக்கினா பாஸ்போர்ட்டே செல்லாது."

ஊக்கைக் கழற்றி, பாஸ்போர்ட்டை எடுத்து, அதன் அட்டையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அந்த ஆபீஸுக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார ஆரம்பித்தார். வீட்டுக்கு வாங்கண்ணே என்று கூப்பிடப் போனேன்.

"அதுக்குள்ள நான் கீறேன் நைனா. தனியா உட்டுட்டு எப்பிடி வர்றது?"

பனியன் பை காலியாக இருந்தால் நெஞ்சு காற்றாடுகிறது என்று லூர்துவின் ஜெபப் புத்தகத்தை அதில் வைத்திருந்தார்.

விசா கிடைத்துவிட்டது. கூரியர் வந்த அன்று நான் கடையில் இல்லை. டீக்கடைக்காரர் பார்த்துச் சொன்னது இது.

"பார்சல் சார். பேர் சொல்லுங்க."

"நீ யாரு? கார்ட காட்டு."

கூரியர் பையன் காட்டினான். படம் தேய்ந்து மூக்கு மட்டும்தான் இருந்தது.

"இது நீதான்னு எப்பிடி நம்பறது?"

"மூக்கப் பாரு பெருசு, நானேதான். உன் ஃபோனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு, குடுத்துட்டுப் போறேன்."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே எழுதிக்கீது."

"எனக்குச் சொல்லலாம்."

"அத்ததான் அல்லாரும் சொல்றாங்க."

"சரி, ஆதார் காட்டு. ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

"ஃபோன்ல எடுத்தா நான் எங்க கோடு போடறது?"

டீக்கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. பையனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அடுத்த தடவை அவன் வந்தபோது நான் இருந்தேன். "அண்ணே, சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் ஃபோனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். சொல்ல வந்து, மறுபடி நெஞ்சோடு ஒட்டிவைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிடிவாதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் அது பயம் என்று தெரிந்தது. ஏர்போர்ட் கவுண்டரில் நின்ற அதே மனுஷன் அங்கே நின்றுகொண்டிருந்தார். நல்ல பையன் அந்தக் கூரியர் பையன். "சும்மா நம்பர்தான் பெருசு" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான், வண்டியை நிறுத்திவிட்டுக் காத்துக்கூட இருந்தான். கடைசியில், பெயரும் ஓடிபியும் சொல்ல மறுத்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு எடுத்துப் போய்விட்டான்.

பார்சல் எங்கெங்கோ சுற்றி, வந்த இடத்துக்கே திரும்பிப் போனது. அதை மறுபடி வரவழைப்பதற்குள் டிக்கெட் தேதி தாண்டிவிட்டது. குழந்தையும் பிறந்துவிட்டது.

ஸ்டெல்லா வீடியோவில் கூப்பிட்டபோது அவர் ஸ்டூலில்தான் இருந்தார்.

"அப்பா, பாருங்க. உங்க மூக்கு."

அவர் ஃபோனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். "கிட்ட காட்டும்மா, சிக்னல் போயிடப் போவுது. ஸ்டேட்டஸ்ல கிஸ்டேட்டஸ்ல போட்டுடாத."

"போடலப்பா."

"பேரு இன்னா வச்சிக்கீற?" கேட்டுவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவா சொல்லு."

அவள் மெதுவாகச் சொன்னாள். ஃபோனைக் காதோடு வைத்து அவர் மட்டும் கேட்டுக்கொண்டார். எனக்குக்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஸ்டெல்லாவே வைக்கும் வரை அவர் ஃபோனை வைக்கவில்லை.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பாஸ்போர்ட்ட நல்லா பாத்துக்கினேன் நைனா. அத எடுத்துக்கினு போறதுதான் முடில."

யாழினி, நீ பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். ஒரு காப்பி வீட்டில் என்னிடம் இருக்கட்டும், ஒன்று உன் பெட்டியில் தனியாக இருக்கட்டும். யார் கேட்டாலும் எதற்கு என்று கேள். எத்தனை காப்பி எடுக்கிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பார். ஊர் பேர் தெரியாத வைஃபையில் அதைப் படம் எடுத்து அனுப்பாதே. இவ்வளவும் அவர் சொன்னது. ஆனால் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல், அம்மா. பயமாக இருந்தால் எனக்கு ஃபோன் பண்ணிவிட்டாவது சொல். இது நான் சொல்வது.

பாஸ்போர்ட் கடைசியில் அடையாறு கூரியர் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. நானும் அவரும் போனோம். கவுண்டர்காரர் ஓடிபி கேட்டார். அங்கிள் மேஜை மேல் எக்கி, அவர் காதைத் தன் பக்கம் இழுத்து, ரகசியமாகச் சொன்னார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்து மரத்தடியில் நின்று விசாப் பக்கத்தைத் திறந்து காட்டினார், பெயர் இருந்த இடத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு. மழைக்காலம் முடிந்ததும் போவதாக ஸ்டெல்லாவே டிக்கெட் போட்டாள். குழந்தைக்கு ஒரு குட்டிச் சட்டை தைத்தார். அதிலும் உள்பக்கம் ஒரு பை.

மழை முடிந்தது. ஒரு காலை ஸ்டூல் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் ஓடி வந்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். அவரிடம் எமன் கார்டு காட்டித்தான் பெயர் கேட்டானோ தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "இவரு பேரு?"

எங்களில் யாருக்கும் தெரியாது. தினம் அவரோடு டீ குடித்தவர்கள், ஆட்டோ ஸ்டாண்ட்காரர்கள், நான்.

"ரெண்டுகோடுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

"அது பேராப்பா?"

பனியன் பையில் பாஸ்போர்ட் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஊக்கைக் கழற்றி எடுத்துப் பார்த்தால் முடிந்தது. ஒருத்தருக்கும் கை போகவில்லை. நான் ஸ்டெல்லாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். அன்றுதான் எனக்கு அவர் பெயர் தெரிந்தது. அதை இங்கே எழுதமாட்டேன்.

ஸ்டெல்லா தனியாக வந்தாள். குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றாள். அந்த இரண்டு ஊக்கையும் அவளேதான் கழற்றினாள்.

ஆட்டோ ஸ்டாண்ட்காரர்களுக்கு அவர் மேல் உயிர். போஸ்டர் அடிக்கப் படம் கேட்டார்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் முன்பக்கமும் பின்பக்கமும் அவள் ஃபோனில் இருந்தன. அனுப்பிவைத்தாள். அவர்கள் குறை வைக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி என்று தலைப்பு, பெரிசாகப் படம், முழுப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, கதவு எண்ணோடு விலாசம். பஸ் ஸ்டாப்பிலிருந்து தெருக் கோடி வரை சுவரெல்லாம் அவர். ஒன்றை நம் கடை ஷட்டரிலேயே ஒட்டியிருந்தார்கள்.

"நல்ல பேராத்தான கீது" என்றார் ஆட்டோக்காரர் ஒருவர், ரொம்ப நேரம் நின்று படித்துவிட்டு. "இத எதுக்குய்யா மறைச்சாரு?"

கோயிலில் பூசை வைத்து, லூர்து பக்கத்தில் அடக்கம் செய்தோம். முடிந்ததும் எல்லாரும் ஸ்டெல்லாவோடு வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் கடைக்கு வந்தேன். மதிய வெயில். தெருவில் யாரும் இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே குனிந்து, கடைசி நாளில் அவர் என் மேஜை மேல் மறந்துவிட்டுப் போன மார்க்கரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிறந்த தேதியைக் கறுப்படித்தேன். அப்பா பெயரை, கதவு எண்ணை. பெயரை மட்டும் விட்டேன், அதன் மேல் ஒரு நாளாவது வெயில் படட்டும் என்று. பிறகு முகத்தில் படாமல், பக்கத்தில், சாய்வாக இரண்டு கோடு இழுத்து, நடுவில் எழுதினேன்: 'அஞ்சலிக்கு மட்டும்.'